தாது வருஷத்துக் கால்வாய்: நிவாரணப் பணிகளின் நிலைத்த பயன் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

தொழில் முடங்கிக் கூலி நின்றுபோன காலங்களில் அரசு ஆள் வைத்துச் செய்த பொதுப்பணிகள், நெருக்கடி தீர்ந்தபின் என்ன ஆகின்றன? இதற்கு அமெரிக்காவைக் காட்டுவது வழக்கம். 1935 முதல் 1943 வரை ரூஸ்வெல்ட் அரசு நடத்திய பொதுப்பணித் திட்டம் சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மயிலாப்பூரில் பறக்கும் ரயிலுக்கு அடியில் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயே போதும். அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி, 1877-78இல் பஞ்ச நிவாரணமாக வெட்டப்பட்டது.

பஞ்சத்தைப் பொருளாதார மந்தத்தோடு சேர்த்துப் பேசலாமா? பேசலாம் என்றே கருதுகிறேன். அந்தப் பஞ்சம் தொடங்கிய தாது வருஷத்தில் மழை பொய்த்தது உண்மை. ஆனால் அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. வயலில் வேலை நின்றதும் கூலிக்காரர் கையில் காசு நின்றது. ஏறிய விலையில் வாங்க வழியில்லாதவர்களே முதலில் மாண்டார்கள்.

2. கூலிக்கும் கட்டுமானத்துக்கும் இடையே

1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாகச் சென்னை வந்தவர் ரிச்சர்டு டெம்பிள். 1873-74 பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்தார் என்று லண்டனில் வசவு வாங்கியவர். இங்கே அந்தக் கணக்கைச் சரிக்கட்ட முனைந்தார் போலும். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று விதித்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதிலும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார்: குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்றார். அந்த மார்ச்சில் மாகாண அரசு படியைச் சுமார் ஒன்றேகால் பவுண்டாக (570 கிராம்) உயர்த்திக் கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. கார்னிஷ் கேட்ட உயர்வில் பாதித்தூரம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஊர்ப்பக்கத்துச் சில்லறை வேலைகளைவிடப் பொறியாளர் மேற்பார்வையில் பெரிய வேலைகளே நிலைத்த பயன் தரும் என்று மேலிடம் கருதியது. கணக்குப் பார்த்தால் நியாயம். ஆனால் பெரிய வேலை எல்லா ஊரிலும் நடக்காது. பட்டினியில் நடை தளர்ந்தவர்கள் ஊரைவிட்டுப் போய் முகாமில் கிடந்தால்தான் கூலி. நிலைத்த பயன் என்ற வாதமே அன்றைக்குச் சோற்றைத் தள்ளிப்போடும் கருவியாயிற்று. இக்கால்வாயைப் புகழ்வோர் இதை மறைக்கக் கூடாது.

3. பயன்பட்ட காலம்

எண்ணூருக்குச் செல்லும் வடபகுதி, பாசில் காக்ரேன் 1806இல் தொடங்கியது. நடுவிலிருந்த இடைவெளியை நிவாரணப் பணி அடைத்தபின் படகுகள் நகரின் ஊடாகவே போக முடிந்தது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயர் அதற்கு 1878இல் சூட்டப்பட்டது. விறகு, உப்பு, நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் படகில் வந்தன. காற்று இல்லாதபோது கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். மயிலாப்பூர்த் தண்ணித்துறை மார்க்கெட்டின் பெயரிலும் திருவல்லிக்கேணிப் பக்கத்து லாக் நகரின் பெயரிலும் அந்தப் போக்குவரத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

4. கைவிடப்பட்ட காலம்

ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. செப்பனிடச் சொல்லி நெருக்க வணிகர் கூட்டம் எதுவும் மிஞ்சவில்லை. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. திருமயிலை நிலையத்தருகே பார்த்தால் தெரியும்: தூணைச் சுற்றிச் சேறு மேடிட்டிருக்கும், இடுக்கில் ஆகாயத்தாமரை, மேலே கறுப்புத் தண்ணீர் நகர்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும். 2008இல் மத்திய அரசு இதைத் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவித்தது. மயிலாப்பூர் வழியாகப் படகு மட்டும் வரவில்லை.

ஆயினும் கால்வாய் செத்துவிடவில்லை. மழைக்காலத்தில் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்து வெள்ளம் வடிய அதுவே வழி. ரயில் பாதைக்கு நிலம் தேட வேண்டியிராததும் 1877இன் மண்வெட்டிகளால்தான். வெட்டியவர்கள் நினைத்த பயன் போயிற்று. நினையாத இரண்டு நிற்கின்றன.

5. மேட்டூரோடு ஓர் ஒப்பீடு

1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை மந்தத்துக்காகத் திட்டமிட்டதல்ல. உலக மந்தம் நடுவில் வந்தபோதும் வேலை நிற்கவில்லை என்பதே அதன் சிறப்பு. இன்றும் ஜூன் 12 நெருங்கினால் அணை திறக்குமா என்று டெல்டாவில் பேச்சு எழும், தாமதமானால் போராட்டம். அப்படிக் கேட்க உழவர் இருப்பதால் அணைக்குப் பராமரிப்பு கிடைக்கிறது. பக்கிங்காம் கால்வாய்க்காக யாரும் சாலையில் உட்காருவதில்லை. இரண்டின் கதியும் வேறானதற்குக் கட்டுமானத் தரத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் முடிவு.

6. இன்றைய கூலி வேலை

நூறு நாள் வேலை 2006இல் கிராமங்களுக்கு வந்தது, நகரத்துக்கு வரவில்லை. 2022இல் தமிழக அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பணிகளில் வடிகால் தூர்வாருவதும் நீர்நிலைப் பராமரிப்பும் உண்டு. மயிலாப்பூருக்கு அது பொருந்தும். புதிதாக வெட்ட இங்கே இடமில்லை. 1877இல் வெட்டியதை ஆண்டுதோறும் அள்ளினாலே கணிசமான பேருக்கு வேலை இருக்கிறது. கையுறையும் பூட்ஸும் நியாயமான கூலியும் கொடுத்து, கழிவுநீர் கலப்பதை நிறுத்திவிட்டு ஆளை இறக்க வேண்டும்.