தாரீகானா: பிரிக்க வேண்டிய இடம்

ஈரானின் தாம்கான் நகரில் உள்ள பழைய பள்ளிவாசலின் பெயர் தாரீகானா. பாரசீக எழுத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் கண் ஏமாறும். முதல் ஐந்து எழுத்துகள் அப்படியே ‘தாரீக்’, அதாவது வரலாறு. 8-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்பதால் அந்தப் பொருளும் பொருந்துவதுபோலவே இருக்கும். ஆனால் சொல்லைப் பிரிக்க வேண்டிய இடம் அதுவல்ல. ‘தாரீ’க்குப் பிறகு பிரிக்க வேண்டும்.

‘கானா’ நமக்கு அயல் இல்லை. யுனானி மருந்து தரும் தவாகானாவிலும் சென்னையின் ஜிம்கானாவிலும் இருப்பது இதே பாரசீகச் சொல்தான். பொருள் வீடு, இடம். (கஜானாவை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. அது அரபியிலிருந்து வந்த தனிச்சொல்.)

‘தாரீ’ துருக்கியர் சொல். மங்கோலியாவின் ஓர்கோன் கல்வெட்டுகளில் ‘தெங்ரி’ என்றால் வானம், கடவுள். நடுவிலிருந்த மெல்லொலி தேய்ந்து, அசர்பைஜான் பேச்சில் அது ‘தாரி’ என்றும் வழங்குகிறது. ஆக, தாரீகானா இறைவன் இல்லம். கோ, இல் இரண்டையும் சேர்த்துக் கோயில் என்றவர்களுக்கு இந்தச் சொல்லமைப்பை விளக்க வேண்டியதில்லை.

இங்கிருந்து ஒரு காலக்கணக்கும் கிடைக்கிறது. செல்ஜூக் துருக்கியர் ஈரானுக்குள் பெருமளவில் வந்தது 11-ஆம் நூற்றாண்டில். அப்படியானால், பள்ளிவாசலைக் கட்டியவர்கள் வைத்த பெயராக இது இருக்க முடியாது. கட்டடம் முந்தியது, பெயர் பிந்தியது என்றே நான் கொள்கிறேன்.

கட்டடத்துக்குள் போனால் வியப்பு கூடுகிறது. நடுவில் சதுர முற்றம், சுற்றிலும் வளைவு மண்டபங்கள், தொழும்போது முகம் நோக்கும் கிப்லா திசையில் மட்டும் மூன்று வரிசை ஆழத்துக்குத் தொழுகைக் கூடம். இது அரபு நாட்டு வரைபடம். தூண்களோ அரபு மரபைச் சேர்ந்தவை அல்ல. கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமனில், உருண்டையாக, செங்கற்களைக் கிடத்தியும் நிறுத்தியும் மாறிமாறி அடுக்கி எழுப்பியிருக்கிறார்கள். இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசு விழுந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகும், அந்த ஊர்க் கொத்தனார்களின் கை பழைய அரண்மனைக் கட்டுமானத்தை மறக்கவில்லை. சாந்துப்பூச்சு உதிர்ந்த அந்தத் தூண்களின் கனம்தான் எனக்கு இந்தப் பள்ளிவாசலின் பேரழகு.

வரைபடத்தில் அரபு இருக்கிறது. பெயரில் ஓர் அசைகூட அரபு இல்லை.

பக்கத்தில் தனியே நிற்கும் உருளை மினாரா பிற்காலத்தது. தாம்கானை ஆண்ட பக்தியார் இப்னு முகம்மது 1026-க்கும் 1029-க்கும் இடையில் அதைக் கட்டுவித்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் செல்ஜூக்குகள் அந்தப் பகுதியைப் பிடித்தார்கள்.