ஆப்பிள் வந்த வழி

ஆடி பிறந்துவிட்டால் வடபுலத்துக் கடைத்தெருக்களில் ஆப்பிள் பெட்டிகள் வந்து குவிகின்றன. முன்னாளில் நம் ஊர்ப்புறங்களில் நோயாளியைக் காணச் செல்வோர் மட்டுமே வாங்கிச் சென்ற கனி, இங்கே நம் சிறுவர்க்கு அன்றாடத் தின்பண்டமாகிவிட்டது. அதனை இமயத்தின் கனி என்றே நாம் கருதுகிறோம். ஆயின் அதுவும் நம்மைப் போலவே குடிபெயர்ந்து வந்ததாகும்.

ஆப்பிளின் பிறந்தகம் நடு ஆசியாவின் தியான்சான் மலைச்சாரல். 1929ஆம் ஆண்டு உருசிய அறிஞர் நிக்கொலாய் வாவிலோவ், கசகஸ்தானத்து அல்மா அத்தா நகரைச் சூழ்ந்திருந்த காட்டு ஆப்பிள் மரங்களைக் கண்டு, இதுவே அதன் தாயகம் என்று துணிந்தார். 2010இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி அவர் கூற்றை உறுதிப்படுத்தியது. அக்காடுகளிலிருந்து வணிகச் சாத்துகளின் வழியே ஆப்பிள் மேற்றிசை சென்றது.

இக்கனிக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. இனிய பழத்தின் விதையை ஊன்றினால் அதே இனிமை வருவதில்லை. பெரும்பாலும் புளிப்பே மிஞ்சும். ஆகவே நல்ல மரத்தின் கிளையை வேறொன்றன் வேரில் ஒட்டுக் கட்டியே அதனைப் பெருக்க வேண்டும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர் இதனை அறிந்திருந்தனர். ஒட்டுக்கட்டும் கலை இல்லையேல் இன்றைய ஆப்பிள் இல்லை.

இமாசலத்திற்கு அது வந்த கதை சுவையானது. 1870இல் கேப்டன் லீ என்னும் ஆங்கிலேயர் குலூப் பள்ளத்தாக்கின் பந்த்ரோலில் தோட்டம் அமைத்தார். அவர் கொணர்ந்த வகைகள் புளிப்பு மிக்கவை. நம் நாட்டார் நாவுக்கு அவை ஏற்கவில்லை.

1904இல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர், தொழுநோயாளர்க்குத் தொண்டாற்ற சிம்லா மலைப்பகுதிக்கு வந்தார். பிலடெல்பியாவின் செல்வக் குடியில் பிறந்த அவர், 1912இல் மலைநாட்டுப் பெண்ணை மணந்து கோட்கரில் உழவராய் வாழத் தலைப்பட்டார். தானியமும் உருளைக்கிழங்கும் விளைத்து வறுமையில் உழன்ற மக்களைக் கண்டு வருந்திய அவர், 1916இல் அமெரிக்காவிலிருந்து ‘டெலீஷியஸ்’ கன்றுகளை வருவித்தார். அவ்வினத்தின் மூலமரம் ஐயோவா மாநிலத்து உழவர் ஒருவரின் தோட்டத்தில் வரிசை தவறி முளைத்தது. வெட்டியும் மீண்டும் தழைத்ததால் பிழைத்தது என்பர்.

மலைமக்களைக் கூலியின்றிச் சுமை தூக்கச் செய்த ‘பேகார்’ முறையை எதிர்த்தும் ஸ்டோக்ஸ் போராடினார். 1921இல் விடுதலை இயக்கத்திற்காகச் சிறை புகுந்தார். பின்னர் சத்யானந்தர் எனப் பெயர் பூண்டார். 1946இல் அவர் மறைந்தபோது, கோட்கர் மலைச்சரிவில் ஆப்பிள் வேரூன்றியிருந்தது. இன்று இமாசல உழவர் பல்லாயிரவர் அதனாலேயே வாழ்கின்றனர்.

எனினும் ஓர் அச்சமும் உண்டு. ஒட்டினால் பெருகிய மரங்கள் அனைத்தும் ஒரே மரத்தின் உடலே. ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். 1983இல் சொறிநோய் பரவி இமாசல விளைச்சலைப் பாழாக்கியது. டெலீஷியஸ் மரத்துக்குக் குளிர்காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரக் கடுங்குளிர் தேவை. பனி குறையவே, தாழ்ந்த சரிவுகளில் விளைச்சல் நலிந்து, தோட்டங்கள் கின்னௌர் போன்ற உயர்நிலங்களை நாடுகின்றன. நோயையும் வெம்மையையும் தாங்கும் புதிய இனங்களுக்கு வித்தளிக்க வல்ல தியான்சான் காடுகளோ சுருங்கி வருகின்றன. தாயகக் காடு அழிந்தால் நம் தட்டிலுள்ள கனிக்கும் எதிர்காலம் இல்லை.

டெலீஷியஸ் மரம் தனித்து நின்றால் காய்ப்பதில்லை; அருகே வேற்றின மரமொன்று பூத்தால்தான் பலன் தரும். பிறந்த மரத்தின் இயல்பை விடாது காத்து, வந்த மண்ணின் வேரோடு ஒன்றி, அண்டை மரத்தின் துணையால் கனி தருகிறது அது. அயலூரில் வாழும் நாம் அதனை அரியும்போது, நம் சிறுவர்க்கு இக்கதையையும் சேர்த்துப் பரிமாறுவோமாக.