முகமும் பெயரும்

கேளம்பாக்கத்து உப்பளங்களை விட்டுப் பழைய மாமல்லபுரச் சாலையிலே தெற்கு நோக்கிச் சென்று, திருப்போரூர் முருகனைத் தரிசித்துக்கொண்டு கடற்கரையை அடைகிற யாத்திரிகர்களில் பெரும்பாலோர், அர்ச்சுனன் தபசையும் கடற்கோயிலையும் கண்ட திருப்தியோடு திரும்பிவிடுவார்கள். இன்றும் பூஜை நடைபெறுகிற ஆதிவராகர் குகையை நாடிக் குன்றின் மேற்புறம் போகிறவர்கள் மிகச் சிலரே. பல்லவ அரச குடும்பத்தின் உருவங்கள் அங்கேதான் சுவரோடு சுவராகப் புடைத்து நிற்கின்றன. ஒரு புறம் ஆசனத்தில் அமர்ந்த சிம்மவிஷ்ணுவும் அவன் மருங்கில் இரண்டு தேவியரும். எதிர்ப்புறம் மகேந்திரன், இரு தேவியருள் ஒருத்தியின் கையைப் பற்றிக்கொண்டு, மற்றொரு கையால் கருவறையைச் சுட்டியபடி, தெய்வத்தைக் காண அழைத்துச் செல்பவன் போல நிற்கிறான். மேலே கிரந்த எழுத்தில் மன்னர் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. (எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்று அறிஞர்கள் வழக்காடுவதுண்டு, அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.) தேவியர் நால்வரில் ஒருத்திக்கும் பெயர் இல்லை.

இதை அற்பக் குறையென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முகஜாடையை உள்ளபடி பிடிப்பதை நம் சிற்பிகள் பெரிதாக மதித்தவர்கள் அல்லர். அரசன் முகமும் தேவன் முகமும் ஏறக்குறைய ஒரே லட்சணத்தில் அமைய, இவன் இன்னான் என்று அறிவிப்பது எழுத்தின் பொறுப்பாயிற்று. ஆகவே, பெயர் பொறிக்காத இடத்தில் அரசி வெறும் அழகிய பெண்ணாக நின்றுவிடுகிறாள். காஞ்சிபுரத்திலோ காரியம் தலைகீழாக நடந்திருக்கிறது. கைலாசநாதர் கோயிலின் முன்னே வரிசையாக நிற்கும் சிறு சந்நிதிகளில் ஒன்றை எடுப்பித்தவள், நரசிம்மவிஷ்ணுவின் தேவியாகிய ரங்கபதாகை என்று சாசனம் புகழ்ந்து கூறுகிறது. மல்லையில் முகம் கிடைத்தது, காஞ்சியில் பெயர் கிடைத்தது.

இரண்டையும் தன் கையாலேயே ஒன்று சேர்த்த பெண்ணைத் தேடினால் 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிக்குப் போக வேண்டியிருக்கிறது. கிரெமோனா நகரத்துப் பிரபு அமில்கரேயின் மகளான சோஃபோனிஸ்பா ஆங்குயிஸ்ஸோலா, நிலைக்கண்ணாடியைப் பார்த்துத் தன் உருவத்தைத் தீட்டி, தீட்டியவள் தானே என்பதையும் படத்திலேயே இலத்தீனில் எழுதிவைத்தாள். 1559-இல் ஸ்பெயின் சென்று அரசி எலிசபெத்துக்குத் தோழியாக இருந்த காலத்தில் அவள் எழுதிய மன்னர் பிலிப்பின் படம், பிற்காலத்தில் சாஞ்செஸ் கோயெல்லோ என்ற ஆடவருடையதாகவே நெடுநாள் கருதப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் தேசத்தில் அவளுக்கு நிகராக நான் கருதுவது அமிர்தா ஷேர்கில்லைத்தான். 1913-இல் புடாபெஸ்டில், சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் பிறந்து, பாரிஸிலே சித்திரம் பயின்ற அவர், தம்மையே மாதிரியாகக் கொண்டு தீட்டிய படங்கள் பல. சிரிக்கும் அமிர்தா, சிந்தனையில் ஆழ்ந்த அமிர்தா என்று ஒரே முகத்தை ஓயாமல் விசாரித்தவர் அவர். 1934-இன் முடிவில் தாய்நாடு திரும்பி, இரண்டாண்டு கழித்துத் தெற்கே யாத்திரை புறப்பட்டு, அஜந்தாவையும் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையும் கன்னியாகுமரி மக்களையும் கண்டபின், ஜாடையைப் பிடிக்கும் அந்தப் பாரிஸ் வித்தையை அவர் மெல்லக் கைவிடலானார். 1937-இல் எழுதிய ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரம்மசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ என்னும் மூன்று படங்களிலும், கருத்த மேனியரான நம்மவர்கள், குகைச் சுவரிலிருந்து இறங்கி வந்தவர்களைப் போன்ற அசைவற்ற அமைதியோடு காட்சி தருகிறார்கள். 1941-இல், 28 வயதிலேயே, லாகூரில் அமிர்தா காலமானார். தம் முகத்தை அத்தனை முறை எழுதிய அவருடைய தூரிகையும், சந்தைக்குப் புறப்பட்ட அந்த மனிதர்களை ‘தென்னிந்தியர்’ என்று சொன்னதோடு நின்றுவிட்டது.