மெண்டலின் பட்டாணியும் லாகூர் உரையும்

பொம்மிடியிலிருந்தும் சுற்றுச் சிற்றூர்களிலிருந்தும் தாவரவியலோ விலங்கியலோ பயிலக் கல்லூரிக்குச் செல்லும் நம் மாணாக்கர், மரபியல் தாள் வந்ததும் சற்றே மிரளுவதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். உயிரியலில் கணக்கு வருமென்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. நம் மூத்தோர் சிலர் மிரண்டதற்கோ வேறொரு காரணம் உண்டு. "படிப்பு உங்கள் இரத்தத்தில் இல்லை" என்னும் சொல்லைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பிறப்பைப் பற்றியதோர் அறிவியல் என்றதும், அதுவும் அச்சொல்லுக்கே சான்று கூறுமோ என அஞ்சினர். உண்மையில் அஃது என்ன கூறுகிறது என்பதை அதன் வரலாற்றின் வழியே காண்போம்.

கிரிகோர் மெண்டல் உழவர் குடியில் பிறந்து துறவியானவர். 1850இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தோற்றவர் என்பதையும் நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். இன்று செக் நாட்டிலுள்ள பிர்னோ நகரத்து மடத்தின் தோட்டத்தில் அவர் பட்டாணிச் செடிகளைக் கலந்து, விளைந்த விதைகளைப் பொறுமையாக எண்ணினார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டையாகவே விளைந்தன. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. இரு நாணயங்களைச் சேர்த்துப் பன்முறை சுண்டிப் பார்ப்பவர்க்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். ஒரு தலையேனும் விழுவது நான்கில் மூன்று பங்கு; இரண்டும் பூவாக விழுவது ஒரு பங்கு. பண்புகள் பாலும் நீரும்போல் கலந்து கரைந்துவிடுவதில்லை. தனித்தனிக் கூறுகளாகவே வழிவழி வருகின்றன. இரத்தத்திற்கு இதில் பங்கே இல்லை.

1866இல் அச்சேறிய அக்கட்டுரை 1900 வரை ஏறக்குறைய கேட்பாரற்றுக் கிடந்தது. பின்னர் அதனை ஆங்கில உலகில் பரப்பியவர் வில்லியம் பேட்சன். இத்துறைக்கு இன்றுள்ள ஆங்கிலப் பெயரை 1905இல் சூட்டியவரும் அவரே. அதற்கு முன்னரே, 1883இல், உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பிரித்து மனித இனத்தை 'மேம்படுத்தும்' கொள்கைக்குக் கால்டன் பெயரிட்டுவிட்டார். சாதியும் அத்தகைய இரத்தத் தூய்மைக்கான ஏற்பாடே என வாதிடுவோர் நம் நாட்டிலும் தோன்றினர்.

அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1936இல் விடையிறுத்தார். லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்கென எழுதிய தலைமையுரை அது. மாநாடே கைவிடப்பட, அவர் அதனைத் தாமே அச்சிட்டார். தமிழில் அது 'ஜாதியை ஒழிக்க வழி' என்ற பெயரில் வெளிவந்தது. அவ்வுரையில் அவர் துணைக்கழைத்த அறிஞர் மேற்கூறிய பேட்சனே! உயர்ந்த அறிவுத்திறன் ஏதோ ஒரு கூற்றினால் வழிவழி வருவதன்று, பற்பல கூறுகள் ஒருங்கே பொருந்துவதால் அமைவது என்னும் அவர் முடிவை எடுத்துக்காட்டினார். கலப்பு மணத்தைத் தடுப்பது தூய்மைக்கென்றே கொண்டாலும், உடனுண்பதைத் தடுப்பது எதற்கு என்றும் வினவினார். ஒரே பந்தியில் உண்பதால் எவர் குருதியும் மாறாதன்றோ? அறிவியல் பாடத்தை ஒருவர் எவ்வாறு கற்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

1972இல் ரிச்சர்டு லெவோண்டின் பல்வேறு மக்களின் குருதி வகைகளையும் புரதங்களையும் ஒப்பிட்டு, மாந்தரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கட்குழுவின் உள்ளேயே அடங்குகிறது எனக் கணக்கிட்டார்.

இத்துறை நமக்குத் தொலைவிலுள்ளதுமன்று. நம் நாட்டு வயல்களில் விளையும் கரும்பு இரகங்கள் பலவற்றின் பெயரில் முன்னிற்கும் 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். 1912இல் அங்குத் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், நாட்டுக் காட்டுக் கரும்போடு கலந்து உருவான கோ 205 என்னும் இரகம் 1918இல் வெளிவந்தது. அந்நிலையத்தில் 1934 முதல் 1939 வரை பணியாற்றியவர் ஜானகி அம்மாள்; தலைச்சேரியில், அந்நாளில் தாழ்வாகக் கருதப்பட்ட தீயர் குலத்தில் 1897இல் பிறந்தவர். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். பயிர்ச்செடிகளின் குரோமோசோம்களை எண்ணித் தொகுத்த பெருநூலை டார்லிங்டனுடன் சேர்ந்து 1945இல் வெளியிட்டார்.