செங்காந்தள் தொட்டி வளர்ப்பு

செங்காந்தள் தொட்டி வளர்ப்பு என்பது தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை (குளோரியோசா சுபெர்பா) வீட்டு முற்றம், திண்ணை, சாளர ஓரம் போன்ற இடங்களில் தொட்டியில் வளர்ப்பதைக் குறிக்கும். செங்காந்தள் வேலிகளிலும் புதர்களிலும் வெயிலை நாடிப் படரும் காட்டுக்கொடி ஆகும். எனவே வீட்டினுள் இதை வளர்ப்பதில் ஒளிக் குறைவே முதன்மைத் தடையாக உள்ளது. செடியின் எல்லாப் பகுதிகளும் கடும் நச்சுத்தன்மை கொண்டவை. ஆதலால் குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உள்ள வீடுகளில் இதை வளர்ப்பது தகுமா என்பதை முதலில் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும்.

பெயர்கள்

சங்க இலக்கியத்தில் இது காந்தள் என வழங்கப்படுகிறது. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 மலர்களின் பட்டியல் செங்காந்தளில்தான் தொடங்குகிறது. கலப்பை வடிவக் கிழங்கைக் கொண்டிருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கார்த்திகை மாதத்தையொட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றும் அழைக்கப்படுகிறது. கண்வலிக் கிழங்கு என்பது தமிழ்நாட்டு உழவர்களிடையேயும் வணிகர்களிடையேயும் பரவலாக உள்ள பெயர். அறிவியற் பெயரை 1753 ஆம் ஆண்டில் லின்னேயசு வெளியிட்டார். முன்னர் அல்லிக் குடும்பத்தில் (லிலியேசியே) சேர்க்கப்பட்டிருந்த இச்செடி இப்போது கொல்ச்சிகேசியே குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது.

செடியின் இயல்பு

இது கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் முளைத்து, பூத்து, பின் தரைக்கு மேலுள்ள பகுதி முழுதும் காய்ந்துவிடும் பல்லாண்டுக் கொடி. இலையின் நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு அருகிலுள்ள குச்சியையோ செடியையோ பற்றிக்கொள்ளும். பூவில் அலை விளிம்புடைய ஆறு இதழ்கள் பின்னோக்கி வளைந்திருக்கும். விரியும்போது பச்சையாக இருக்கும் இதழ்கள் பின்னர் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் மாறி இறுதியில் சிவப்பாகும்.

முளை கிளம்பியதும் பழைய கிழங்கிலுள்ள உணவு செலவாகித் தீர்ந்துவிடும். இலைகள் அப்பருவத்தில் ஆக்கும் உணவைக் கொண்டே அடுத்த ஆண்டுக்கான புதிய கிழங்கு உருவாகிறது. போதிய ஒளி கிடைக்காத செடியும் முதலாண்டில் பழைய கிழங்கின் வலிமையால் ஓரளவு பூக்கக்கூடும். ஆனால் புதிய கிழங்கு சிறுத்துவிடுவதால் அடுத்த ஆண்டு இலை மட்டுமே விட்டு நின்றுவிடும். வீட்டினுள் வளர்ப்போர் பலர் இரண்டாம் ஆண்டில் ஏமாற்றமடைவதற்கு இதுவே காரணம்.

ஒளித் தேவை

வெப்ப மண்டலத்தில் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்சு ஒளிச்செறிவு கொண்டது. அறையின் நடுப்பகுதியில் பகல் நேரத்தில் சில நூறு லக்சு மட்டுமே இருக்கும். மனிதக் கண் இவ்வேறுபாட்டுக்கு எளிதில் பழகிவிடுவதால், நமக்கு வெளிச்சமாகத் தோன்றும் அறை செடிக்கு இருளாகவே இருக்கும். ஒளி குறைந்தால் தண்டு மெலிந்து நீளும், கணுக்களுக்கிடையே தொலைவு கூடும், கொடி முழுதும் சாளரத்தை நோக்கிச் சாயும், மொட்டுகள் குறையும்.

செடியைத் தெற்குச் சாளரத்தில் வைக்குமாறு ஐரோப்பியத் தோட்டக்கலை நூல்கள் பொதுவாகக் கூறும். இவ்வறிவுரை காவிரிப் படுகைக்கு அப்படியே பொருந்தாது. எடுத்துக்காட்டாக, திருவாரூர் மாவட்டத்திலுள்ள வலங்கைமான் ஏறத்தாழ 10.9° வட அகலாங்கில் அமைந்துள்ளது. இங்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகத்து நான்காம் வாரத்திலும் நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் வரும். இவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே இருக்கும். எனவே செடி முளைத்து வளரும் சூன், சூலை மாதங்களில் தெற்குச் சாளரத்துக்கு நேரடி வெயில் கிடைப்பதில்லை. அக்காலத்தில் கிழக்கு அல்லது மேற்குச் சாளரமே ஏற்றது.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் நிலை மாறித் தெற்குச் சாளரத்தில் வெயில் விழும். ஆயினும் சாளரத்தின் மேல் விளிம்பு தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், நவம்பர் நண்பகல் வெயில் அறைக்குள் ஏறத்தாழ 1.2 மீட்டர் வரையே எட்டும். சாளரத்தின் மேல் வெயில் மறைப்பு இருந்தால் இது மேலும் குறையும். மேலும் இப்படுகையில் வடகிழக்குப் பருவமழை பெய்வதும் இம்மாதங்களில்தான். பூக்கும் காலமும் மேகமூட்டமும் ஒன்றாக வருவதால், ஒவ்வொரு மணி நேர வெயிலும் மதிப்புடையதாகிறது.

இப்பகுதியின் பழைய ஓட்டு வீடுகளில் நடுவே வானம் பார்த்து அமைந்துள்ள முற்றம் இச்செடிக்கு மிகப் பொருத்தமான இடமாகும். அங்கு நண்பகல் வெயில் நேரடியாக விழும்; சுவர்கள் காற்றின் வேகத்தைத் தடுக்கும். முற்றம் இல்லாத அடுக்குமாடி வீடுகளில் மாடிமுகப்பு அடுத்த நிலையில் தக்கது. நாள்தோறும் குறைந்தது 5 அல்லது 6 மணி நேரம் நேரடி வெயில் கிடைக்காத இடத்தில் செடிவளர்ப்பு விளக்குகளால் ஒளியை ஈடுசெய்ய வேண்டும்.

தொட்டியும் மண்ணும்

காவிரிப் படுகையின் வண்டல் கலந்த களிமண் நெல்லுக்கு உகந்தது. நீரைத் தேக்கி வைக்கும் அதே பண்பு காந்தள் கிழங்கை அழுகச் செய்யும். எனவே வயல் மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பக் கூடாது. செம்மண், ஆற்றுமணல், நன்கு மட்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து பயன்படுத்தலாம். தொட்டி 30 செ.மீ. ஆழம் கொண்டதாகவும் அடியில் துளையுடையதாகவும் இருக்க வேண்டும். துளையின் மீது ஓட்டுச் சில்லுகளை இட்டால் மண் அடைத்துக்கொள்ளாது.

நடவும் பராமரிப்பும்

* சூன் முதல் ஆகத்து வரை நடலாம். கிழங்கைக் கிடைமட்டமாக வைத்து 5 முதல் 8 செ.மீ. மண்ணால் மூட வேண்டும்.
* கிழங்கின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு முளைப்பகுதியே உண்டு. அது உடைந்தால் அக்கிளை பெரும்பாலும் முளைப்பதில்லை. கிழங்கு எளிதில் முறியக்கூடியது என்பதால் கவனமாகக் கையாள வேண்டும்.
* கொடி 1.5 முதல் 2 மீட்டர் வரை வளரும். முளை வரும் முன்பே மூங்கில் குச்சிகளை நட்டுவிட்டால் பின்னர் கிழங்கைக் குத்திச் சேதப்படுத்த நேராது.
* மேல்மண் 2 அல்லது 3 செ.மீ. ஆழத்துக்குக் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். தட்டில் நீர் தேங்கி நிற்கக் கூடாது.
* பொலிட்டேலா குளோரியோசே என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் இலைகளை விரைவில் தின்றுவிடும். தொட்டிச் செடியில் இவற்றைக் குச்சியால் எடுத்து அகற்றுவதே போதுமானது.

மகரந்தச் சேர்க்கை

பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக வளைந்து மகரந்தப் பைகளிலிருந்து விலகி நிற்பதால், தன்மகரந்தச் சேர்க்கை எளிதில் நடைபெறுவதில்லை. இயற்கையில் வண்ணத்துப்பூச்சிகள் போன்றவை இப்பணியைச் செய்கின்றன. வேதாரண்யம், மூலனூர் போன்ற பகுதிகளில் விதைக்காகக் காந்தள் பயிரிடும் உழவர்கள் கையாலேயே மகரந்தத்தைச் சேர்ப்பதுண்டு. வீட்டினுள் பூக்கும் செடி பெரும்பாலும் காய்ப்பதில்லை. விதைகளும் நச்சுடையவை என்பதால் வீட்டில் வளர்ப்போருக்கு இது நன்மையே.

ஓய்வுக் காலம்

பூத்து முடிந்தபின் இலைகள் மஞ்சளாகிக் காயும். இது நோயன்று. இலை பச்சையாக இருக்கும் வரை வெயிலில் வைத்திருந்து, காய்ந்ததும் நீரை முற்றாக நிறுத்த வேண்டும். தொட்டியை மழை படாத உலர்ந்த இடத்தில் அடுத்த பருவம் வரை வைக்கலாம். செடி இறந்துவிட்டதாக எண்ணித் தொடர்ந்து நீர் ஊற்றுவது கிழங்கு அழுகக் காரணமாகிறது.

நச்சுத்தன்மை

செடி முழுவதிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கொல்ச்சிசின் என்னும் காரப்போலி உள்ளது. இது உயிரணுப் பிரிவைத் தடுக்கும். கீல்வாத வகையான கவுட்டு நோய்க்கு மருந்தாகும் அதே பொருள், அளவு மீறினால் உயிரைப் பறிக்கும். உட்கொண்ட சில மணி நேரத்தில் வாய் எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியன தோன்றும். பின்னர் எலும்பு மச்சை, சிறுநீரகம், இதயம் முதலியவை பாதிக்கப்படலாம். வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணி உண்டவர்கள் நஞ்சுற்ற நிகழ்வுகள் இலங்கையிலும் இந்தியாவிலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

எனவே கிழங்கைச் சமையலறையிலோ பிற கிழங்குகளுடனோ சேமிக்கக் கூடாது. தொட்டியில் பெயரும் எச்சரிக்கையும் எழுதி வைப்பது நல்லது. கிழங்கைத் தொடும்போது கையுறை அணிய வேண்டும். உட்கொண்டதாக ஐயம் ஏற்பட்டால், அறிகுறிகளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; செடியின் ஒரு பகுதியையும் உடன் கொண்டு செல்லலாம். சித்த மருத்துவத்தில் இக்கிழங்கு நச்சு நீக்கப்பட்டுப் பயன்படுத்தப்படுகிறது. அதனை வீட்டில் செய்து பார்ப்பது ஆபத்தானது.

பிற நாடுகளில்

செங்காந்தள் சிம்பாப்வேயின் தேசிய மலரும் ஆகும். 1947 இல் இளவரசி எலிசபெத்துக்கு அந்நாட்டில் (அன்றைய தெற்கு ரொடீசியா) இம்மலர் வடிவிலான வைர அணியூசி பரிசளிக்கப்பட்டது. நெதர்லாந்திலும் சப்பானின் கோச்சி மாகாணத்திலும் கொய்மலருக்காகக் கண்ணாடிக் கூடங்களில் வளர்க்கப்படுகிறது. பிரித்தானியா போன்ற குளிர்நாடுகளில் இளவேனிலில் கிழங்கை வீட்டினுள் நடுகின்றனர். அது கோடையில் பூத்து, கார்த்திகை வருமுன் ஓய்வுக்குச் சென்றுவிடும்.

பாதுகாப்பு

மருந்துத் தேவைக்காகக் காட்டுக் கிழங்குகள் பெருமளவில் தோண்டப்படுவதால் இந்தியாவின் பல பகுதிகளில் இச்செடி அருகி வருகிறது. ஆகவே வேலியிலுள்ள செடியைத் தோண்டி எடுக்காமல், பயிரிடுவோரிடமிருந்து கிழங்கைப் பெறுவதே முறையாகும். விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் அவ்வாறு வளரும் செடி பூக்க மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும்.