காலண்டர் ஓவியர் கொண்டையராஜூ

தேவதானம், இராசபாளையம், சீவில்லிபுத்தூர் வட்டாரத்துப் பழைய வீடுகளில் கண்ணாடிச் சட்டமிட்ட தெய்வப் படங்கள் பல தொங்குவதைக் காணலாம். அவற்றிற் பல முன்பு காலண்டர்களாக வந்தவை. புத்தாண்டில் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்ததை, ஆண்டு கழிந்தபின் எறிய மனமின்றிச் சட்டத்துள் வைத்துப் பூசைக்குரியதாக்கினர் நம் மக்கள். அப்படத்தை எழுதிய கை யாருடையது என்று கேட்டோர் மிகச் சிலரே.

கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜூ 1898-இல் சென்னையில் பிறந்தவர். 1850-இல் தொடங்கப்பட்ட சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். ஒளியும் நிழலும் காட்டி உடலைத் திரட்சியாக வரையும் ஐரோப்பிய முறை அங்கே அவர் கைவந்தது. அப்பயிற்சி பெற்றவர் பதவியை நாடியிருக்கலாம். இவரோ திருவண்ணாமலைக்குச் சென்று ரமணாசிரமத்தில் தங்கினார், மகரிஷியின் உருவத்தையும் தீட்டினார். பின்னர் அவரை ஈர்த்தது, வியப்பாக, நாடக மேடை!

நாடகக் கம்பெனிகளுக்கு அந்நாளில் ஓவியரே உயிர்நாடி. அரசவை, அடர்கானகம், அந்தப்புரம், கடைவீதி எல்லாம் பெரிய படுதாக்களில் எழுதப்பட வேண்டும். பின்வரிசையில் அமர்ந்தவனுக்கும் அரண்மனைத் தூண்கள் உள்ளே நீண்டு செல்வதாகத் தோன்ற வேண்டும். 1931-இல் தமிழ்ப் பேசும்படம் வந்தபின் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்ட கொண்டையராஜூ, தம் சீடர்களுடன் ஓவியக் கூடம் நடத்தலானார்.

அருகிலேயே சிவகாசி. தீப்பெட்டிக்கு ஒட்டும் லேபிள்களை அச்சிடத் தொடங்கிய அவ்வூர் அச்சுத்தொழில், நாளடைவில் வண்ணக் காலண்டருக்கு வளர்ந்தது. அச்சகத்தாருக்குப் படம் வேண்டியிருந்தது. கோவில்பட்டியில் கை இருந்தது. இரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தொடங்கிய பணி இங்கே வேறு வடிவில் பல்கியது. கொண்டையராஜூவின் முருகன், மீனாட்சி படங்களின் பின்னணியை உற்றுப் பாருங்கள்: தூண்கள், திரைகள், தொலைவில் மலையும் நீரும். மேடையின் படுதாவே காலண்டருக்குள் குடியேறியிருக்கிறது.

இது கலையா, வணிகமா என்று கலையறிஞர் சிலர் ஐயுற்றனர். விற்பனைக்காக எழுதியது என்பதனாலேயே ஒரு படம் பக்தியற்றதாகிவிடும் என்று நான் கருதவில்லை. கோயிற் சிற்பிக்கும் கூலி உண்டல்லவா? கொண்டையராஜூவிடம் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. டி. எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் முதலிய சீடரைத் தம் இல்லத்தவர்போல் வைத்துப் பயிற்றினார். சில படங்களில் குருவின் பெயரோடு சீடர் பெயரும் சேர்ந்தே காணப்படுகிறது. புகழைப் பங்கிட்டுக் கொடுப்பது கலைஞர்க்கு எளிதன்று. அவர் மணம் செய்துகொள்ளவுமில்லை.

கத்தோலிக்கராகிய நமக்கு இதில் என்ன? நம் வீட்டுச் சுவரில் நெடுங்காலம் இருந்த திரு இருதயப் படம் ஐரோப்பாவில் உருவானது. அம்முகமும் அவ்வுடையும் அந்நாட்டவை. பின்னர் வேளாங்கண்ணி மாதா படங்களும் சிவகாசியில் அச்சாகி, அதே காலண்டர் வண்ணங்களில் நம் இல்லம் புகுந்தன. தேவமாதாவின் பின்னே விரிந்த வானத்தில் எந்தப் பாட்டியும் குற்றங் காணவில்லை. எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாடு பற்றிய ஏட்டில் அறிவித்தது. ஆயினும் நம் ஆலயத்திற்குச் சுரூபமோ படமோ வாங்கும்போது, வெளுத்த முகமும் பொன்னிறக் கூந்தலுமே ‘அசல்’ என்ற எண்ணம் இன்னும் முற்றிலும் அகன்றபாடில்லை. கொண்டையராஜூ ஐரோப்பிய முறையைக் கற்றார். ஆனால் அதைக் கொண்டு எழுதியது இம்மண்ணின் முகங்களை.

1976-இல் அவர் மறைந்தார். சீடர்கள் அப்பணியைத் தொடர்ந்தனர். பழைய படங்களின் கீழோரத்தில் சிறிய எழுத்தில் அவர் கையொப்பம் இருக்கும். சட்டம் போடும்போது அந்த ஓரம் மரத்துக்குள் மறைந்துவிடுவதுண்டு.