அட்டையும் கணிப்பொறியும்: நூலகப் பணியில் இரு தலைமுறையினர்

நூலகத்தினுள் புதிய கருவி நுழையும்போது, பழைய பணியாளரின் அறிவும் பயனற்றதாகிவிடுகின்றதா? நம் கல்லூரி நூலகங்களிலும் எழும் இவ்வினாவிற்கு அமெரிக்க நூலகங்களின் வரலாறு தக்கதொரு விடையளிக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குள்ள நூலகப் பயிற்சிப் பள்ளிகள் "நூலகக் கையெழுத்து" என்னும் தனிவகை எழுத்தைக் கற்பித்தன. எவர் எழுதினும் பட்டியல் அட்டை ஒரே சீராக விளங்கவேண்டும் என்பதே நோக்கம். தட்டச்சுப்பொறி பரவியதும் அத்திறன் மதிப்பிழந்தது. 1901இல் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகம் அச்சிட்ட அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியபின், அட்டை எழுதும் உழைப்பும் குறைந்தது. கைத்திறன் மறைந்தது, நூலின் பொருளறிந்து தலைப்பிடும் ஆற்றலோ மறையவில்லை.

1965இல் ஹென்றியெட் அவ்ரம் அம்மையார் அந்நூலகத்தில் சேர்ந்தார். அவர் கணிப்பொறித் துறையில் தேர்ந்தவர். நூலகப் பயிற்சி பெற்றவரல்லர். எனவே, அட்டையிலுள்ள ஒவ்வொரு கூறும் எதன்பொருட்டு அமைந்தது என்பதை முதலில் கற்றறிந்தார். பின்னர் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பு விவரம், பொருள் தலைப்பு ஆகியவற்றிற்குத் தனித்தனி எண்குறி வகுத்து "மார்க்" என்னும் முறை உருவாயிற்று. 1966இல் 16 நூலகங்களுடன் சோதனை தொடங்கியது. 1969 முதல் பதிவுகள் காந்த நாடாக்களில் முறையாக வழங்கப்பட்டன. மூத்தோர் வகுத்த விதிகளே புதிய பொறிக்கு இலக்கணமாயின என்பது நாம் கருதத்தக்கது.

மாறுதல் ஒரே நாளில் முற்றுப்பெறவுமில்லை. 1971இல் ஒஹாயோ பல்கலைக்கழக நூலகம் தொலைவிலுள்ள கணிப்பொறியோடு இணைந்து நூல்களைப் பட்டியலிடத் தொடங்கிற்று. ஆயினும் அவ்விணைப்பை நடத்திய நிறுவனமே நூலகங்களுக்கு அட்டைகளையும் அச்சிட்டு வந்தது. கடைசி அட்டைகள் அச்சானது 2015இல்தான். இரு தலைமுறையினரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க இக்காலம் இடமளித்தது.

இழப்பும் நேர்ந்தது. அட்டைகளில் நூலகர் கைப்பட எழுதிய குறிப்புகள் பல, கணிப்பொறியில் ஏறாமலே எறியப்பட்டன. 1994இல் எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் இதனைக் கண்டித்து எழுதினார்.

ஆகவே, நூலகத்தை நடத்துவோர் மூத்தவரை விசைப்பலகையின் வேகத்தால் அளத்தலாகாது. இளையவரை அனுபவமற்றவரென ஒதுக்குதலுமாகாது. அட்டைப் பெட்டியை அகற்றுமுன் இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, ஒவ்வோர் அட்டையையும் சேர்ந்து வாசிக்கச் செய்தல் நலம். சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் காக்கும் போதகருக்கும் இது பொருந்தும். ஏட்டைப் படியெடுப்பது எளிது. அதன் குறுக்கெழுத்துகளுக்குப் பொருள் கூறும் முதியவர் ஓய்வுபெற்றபின், அவ்வறிவை எப்பொறியும் மீட்டுத் தராது.